அத்தியாயம் 6: பழைய கணினியில் புதிய ஓஎஸ்

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்துவிட்டன. மறுநாள் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. ஆகவே மயிலாப்பூரில் ஆன்லைன் பாட்டு வகுப்புக்கு வைத்திருக்கும் டெஸ்க்டாப்பும், தி.நகரில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவரின் லேப்டாப்பும், அடையாறில் பிள்ளைகள் விட்டுச்சென்ற பழைய சிஸ்டமும் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் வழி 2-இல் சொல்லும் திட்டத்தில் சேராவிட்டால், அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் இல்லை. அதே கணினியில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம். விண்டோஸ் 7-க்கு இந்த நிலை 2020 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் குரோம் பிரவுசரும் அதைக் கைவிட்டது.

ஓஎஸ் மாற்றுவது கடினமான வேலை அல்ல. முறை தவறினால்தான் ஆபத்து. இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே விதி: திரும்பி வர வழி இல்லாத படியில் கால் வைக்காதீர்கள். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தும் முன் "இது கெட்டுப்போனால் பழைய நிலைக்கு எப்படி வருவேன்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அங்கேயே நில்லுங்கள்.

## முதலில் கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

1. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். பிராசஸர், ரேம், 32 பிட்டா 64 பிட்டா, விண்டோஸின் எந்தப் பதிப்பு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.
2. இன்டெல் பிராசஸர் என்றால் கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள். ஐ5-4570 நான்காம் தலைமுறை. ஐ5-8250 எட்டாம் தலைமுறை. ஐ5-10210 பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும்.
3. மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். விண்டோஸ் 11 போகுமா, போகாதென்றால் எது தடை என்று அதுவே சொல்லும்.
4. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். 'குட்' என்று வந்தால் தொடரலாம். 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால் அந்த டிஸ்கில் ஓஎஸ் போடும் பேச்சே வேண்டாம். உடனே ஃபைல்களை வெளியே எடுங்கள்.

இப்போது உங்கள் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

- வழி 1, விண்டோஸ் 11: ஹெல்த் செக் சம்மதித்தால் இதுவே நேர்வழி.
- வழி 2, விண்டோஸ் 10-லேயே தவணை: கணினி தகுதி பெறவில்லை, ஆனால் டேலி கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றுக்கு விண்டோஸ் இல்லாமல் முடியாது என்றால் இது.
- வழி 3, லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ்: இணையம், மின்னஞ்சல், கடிதம், யூடியூப், வீடியோ அழைப்பு இவைதான் வேலை, 64 பிட் பிராசஸரும் 4 ஜிபி ரேமும் இருக்கின்றன என்றால் இது.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் இன்னும் ஓடும் பழையவை, 4 ஜிபி ரேம் இருந்தால், பெரும்பாலும் மூன்றாம் வழிக்கு ஏற்றவை. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அதை உருவாக்கியது சென்னையில் உள்ள சி-டாக் மையம். ஆகவே லினக்ஸ் நம்மூருக்குப் புதிதல்ல.

32 பிட் மட்டுமே ஏற்கும் மிகப் பழைய கணினி என்றால் செலவு செய்யாதீர்கள். இணைய இணைப்பை எடுத்துவிட்டு, பாட்டுக் கேட்கவும் பழைய ஃபைல்களைப் பார்க்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

## பேக்கப்: பாதி வேலை இதுதான்

ஓஎஸ் எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிடைக்கும். பேரனின் முதல் பிறந்தநாள் படம் கிடைக்காது. ஆகவே ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்கிலும், இன்னொரு பிரதி வீட்டுக்கு வெளியே கிளவுடிலோ உறவினர் வீட்டிலோ இருக்கட்டும். இது வீண் எச்சரிக்கை அல்ல. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பகுதிகளில் தரைத்தளங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. மேசைக்கு அடியில் இருக்கும் கேபினெட்டும் அதே மேசையின் கீழ் டிராயரில் இருக்கும் பேக்கப் டிஸ்கும் ஒன்றாகத்தான் மூழ்கும்.

1. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் ஆகிய நான்கு ஃபோல்டர்களையும் முழுதாக நகலெடுங்கள். டெஸ்க்டாப்பில் போட்டு வைத்தவற்றைத்தான் பலர் மறந்துவிடுவார்கள்.
2. டி டிரைவ், ஈ டிரைவ் இவற்றையும் நகலெடுங்கள். "சி டிரைவ் மட்டும்தானே அழியும்" என்று நம்பி இருக்காதீர்கள். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு தவறான தேர்வு எல்லாவற்றையும் அழித்துவிடும்.
3. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், புக்மார்க்குகள், வைஃபை பாஸ்வேர்டு இவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள்.
4. டேலி வைத்திருப்பவர்கள் கம்பெனி டேட்டாவை பேக்கப் எடுங்கள். டிஸ்கை அழித்துப் புதிதாகப் போடுவதாக இருந்தால் டேலிக்குள் போய் லைசென்ஸை 'சரண்டர்' செய்த பிறகே தொடங்குங்கள்.
5. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். கையெழுத்து டோக்கனுக்குள்தான் இருக்கிறது. கணினியில் டிரைவரை மட்டும் திரும்பப் போட்டால் போதும். 'இனிஷியலைஸ்' என்ற பட்டனை மட்டும் தொடாதீர்கள். அது கையெழுத்தையே அழித்துவிடும்.
6. நகலெடுத்து முடித்ததும் வேறொரு கணினியில் அந்த டிஸ்கைச் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலிருந்தும் இரண்டு மூன்று ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
7. டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இன்ஸ்டால் நடக்கும்போது அது கணினியில் செருகியிருக்கவே கூடாது.

தமிழ் ஃபைல்களுக்குத் தனிக் கவனம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள், கோயில் மலர்கள், கதைகள், ஜாதகக் குறிப்புகள் இன்னும் பல வீடுகளில் உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இரண்டு வேலை செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து பழைய தமிழ் எழுத்துருக்களை நகலெடுங்கள். முக்கியமான ஃபைல்களை பழைய கணினி ஓடும்போதே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். அப்போது எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே அடங்கிவிடும்.

## நாள், மின்சாரம், எர்த்

ஓஎஸ் மாறும் நடுவில் மின்சாரம் போவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய விபத்து.

- பராமரிப்புக்காக மின்வாரியம் பகுதிவாரியாக மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் முன்கூட்டியே நாளிதழ்களில் வரும். வழக்கமாகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. உங்கள் தெரு அதில் இல்லாத நாளாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களைத் தவிருங்கள்.
- டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் அவசியம். பேட்டரி பழையதென்றால் சும்மா ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். பத்து நிமிடமாவது தாங்க வேண்டும். இந்தச் சோதனையை இன்ஸ்டால் தொடங்கும் முன் செய்யுங்கள், நடுவில் அல்ல.
- லேப்டாப்பை முழு சார்ஜ் ஏற்றி, சார்ஜரும் செருகியே வையுங்கள்.
- கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறதா? எர்த் சரியில்லை. பழைய வீடுகளில் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டி வைத்திருப்பார்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகே கணினியைத் திறங்கள்.

## எஸ்எஸ்டியும் ரேமும்

பழைய கணினியின் வேகக் குறைவுக்குப் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்கே காரணம். அதற்குப் பதில் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. புதிய ஓஎஸ்ஸைப் புதிய எஸ்எஸ்டியில் போட்டுவிட்டுப் பழைய டிஸ்கை அப்படியே கழற்றி வைத்துவிடலாம். ஏதாவது தவறினால் பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினால் பழைய கணினி அப்படியே எழுந்து நிற்கும். இதைவிட நல்ல திரும்பும் வழி கிடையாது. பணம் ஒதுக்க முடிந்தால் இதற்கே ஒதுக்குங்கள்.

வாங்க ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் போதும். மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டம் நிலையம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். போகும்போது:

1. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 இவை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. லேப்டாப் ரேமும் டெஸ்க்டாப் ரேமும் வேறு வேறு.
2. பில் போட்டு, வாரண்டி எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்தால் வாரண்டியும் இல்லை என்று பொருள்.
3. சிஆர்2032 பட்டன் செல் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். கணினியை அணைத்துப் போட்டால் தேதி பழைய வருடத்துக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் இந்த செல் தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் திறக்காது, அப்டேட்டும் இறங்காது.

மாட்டும்போது: பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோர வீடுகளில் உப்புக்காற்று பட்டு ரேமின் தங்கப் பற்கள் மங்கியிருக்கும். மென்மையான பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

## வழி 1: விண்டோஸ் 11

1. விண்டோஸ் 10-இல் மிச்சமுள்ள அப்டேட்டுகளை முதலில் முடியுங்கள்.
2. டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) கை வைத்தால் உங்கள் ஃபைலை நீங்களே திறக்க முடியாமல் போகலாம்.
3. ஹெல்த் செக் 'டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) இல்லை' என்கிறதா? கணினி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் பெரும்பாலும் அது பயாஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெல்லில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். அதை இயக்குங்கள்.
4. தேவையற்ற யுஎஸ்பி கருவிகளைக் கழற்றுங்கள். பிரிண்டரையும்தான்.
5. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் விண்டோஸ் 11 காத்திருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் 'இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்' எடுத்து ஓட்டுங்கள். உங்கள் ஃபைல்களும் மென்பொருள்களும் அப்படியே இருக்கும்.
6. கணினி பலமுறை தானே அணைந்து எழும். சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். பவர் பட்டன் பக்கம் கை போகக் கூடாது.
7. முடிந்ததும் பிரிண்டர், ஒலி, கேமரா, வைஃபை, டேலி, டோக்கன் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

திரும்பும் வழி: பிடிக்கவில்லையென்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் 'ரிகவரி' பகுதியில் 'கோ பேக்' அழுத்தி விண்டோஸ் 10-க்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாளில் 'டிஸ்க் கிளீனப்' ஓட்டி 'முந்தைய விண்டோஸ்' ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்.

குறிப்பு: விண்டோஸ் 7, 8.1 இவற்றிலிருந்து 11-க்கு நேராக ஏற முடியாது. புதிதாகத்தான் போட வேண்டும். அதற்கு மைக்ரோசாஃப்ட்டின் 'மீடியா கிரியேஷன் டூல்', 8 ஜிபி பென் டிரைவ், செல்லுபடியாகும் லைசென்ஸ் மூன்றும் வேண்டும். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

## வழி 2: விண்டோஸ் 10-க்குத் தவணை

நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும்.

1. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும்.
2. மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழையுங்கள்.
3. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போய் 'என்ரோல்' இணைப்பை அழுத்துங்கள்.
4. செட்டிங்ஸை ஆன்லைனில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை.

இது வாங்கிய அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் புதிய கணினிக்குப் பணம் சேர்க்கவோ, லினக்ஸைப் பழகவோ செய்யுங்கள்.

## வழி 3: லினக்ஸ் மின்ட்

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பழைய கணினிக்கு 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பை எடுங்கள். பார்க்க விண்டோஸ் போலவே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் லிப்ரேஆஃபிஸும் உள்ளேயே வரும்.

1. மின்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் ஃபைலை இறக்குங்கள். ரூஃபஸ் அல்லது பலெனா எட்சர் கொண்டு பென் டிரைவில் ஏற்றுங்கள்.
2. பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கும்போதே பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.
3. இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். பென் டிரைவிலிருந்தே மின்ட் முழுதாக ஓடும். ஹார்ட் டிஸ்கைத் தொடாது. வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கையும் இங்கேயே சோதியுங்கள். சில பழைய லேப்டாப்களில் வைஃபைக்குத் தனி டிரைவர் தேவைப்படும். அப்போது மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து இணையம் கொடுத்து 'டிரைவர் மேனேஜர்' மூலம் போடலாம்.
4. வீட்டில் இருப்பது கேனன் எல்பிபி2900 பிரிண்டரா? லினக்ஸில் அது எளிதில் மசியாது. எச்பி லேசர்ஜெட் 1020 ஓடும். ஆனால் எச்பியின் கூடுதல் பிளக்-இன் வேண்டும். பிரிண்டர்தான் உங்கள் உயிர்நாடி என்றால் வழி 2-ஐ யோசியுங்கள்.
5. எல்லாம் சரியென்றால் திரையில் உள்ள 'இன்ஸ்டால்' குறியை அழுத்துங்கள். நேரமண்டலம் கொல்கத்தா.
6. 'இரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு வந்ததும் நில்லுங்கள். எந்த டிஸ்க், எத்தனை ஜிபி என்று உரக்கப் படியுங்கள். புதிய எஸ்எஸ்டிதான் என்று உறுதியான பிறகு மட்டும் தொடருங்கள்.
7. பழைய விண்டோஸும் பக்கத்தில் வேண்டுமென்றால், முன்கூட்டியே விண்டோஸுக்குள் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்து, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் இடம் ஒதுக்கி வையுங்கள்.
8. முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள். 'டைம்ஷிஃப்ட்'டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். அது சிஸ்டத்தைத்தான் காக்கும்; உங்கள் படங்களை அல்ல.

## தமிழில் அடிக்க

விண்டோஸ் 11-இல் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் இரண்டு விசைப்பலகையும் கிடைக்கும். பழைய தமிழ் மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. லதா, விஜயா எழுத்துருக்களில் அமைத்த ஃபைல் வேறு உருவில் தெரிந்தால், 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பட்டியலில் தமிழ் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்துத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்கலாம். பழைய தட்டச்சு முறையில் பழகியவர்கள் ஐபஸ் எம்17என் தொகுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் ஸ்கைப்பில் பேசிவந்தவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மே மாதத்துடன் ஸ்கைப் சேவையே மூடப்பட்டுவிட்டது. புதிய ஓஎஸ்ஸில் அதைத் தேடாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஆக்டிவேட்டர் போடுவது. இலவசமாக விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்து தரும் மென்பொருள், ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வீட்டுச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம்.
- தகுதியற்ற கணினியில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பது. குறுக்குவழி உண்டு. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. அப்டேட்டுக்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினோம்.
- பயாஸில் 'லெகசி'யை 'யுஇஎஃப்ஐ' என்று மாற்றுவது. டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் கணினி பூட் ஆகாது. பதற வேண்டாம், திரும்ப லெகசிக்கு மாற்றுங்கள். பயாஸில் எதை மாற்றினாலும் முன்பும் பின்பும் மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.
- இரவு பதினொரு மணிக்குத் தொடங்குவது. காலையில் தொடங்குங்கள். சிக்கினால் கேட்க ஆள் கிடைக்கும், கடையும் திறந்திருக்கும்.

## சர்வீஸ் கடையில் கொடுப்பதென்றால்

பேக்கப்பை நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள். "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்" என்று சொன்னால் எந்த டிரைவை, எந்த ஓஎஸ், லைசென்ஸ் யாருடையது என்று மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிரவுசரில் சேமித்த வங்கிப் பாஸ்வேர்டுகளை அழித்துவிட்டுக் கொடுங்கள். கழற்றிய பழைய டிஸ்கைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து. உங்கள் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன.

## மூன்று மாதம் கழித்து

பழைய டிஸ்கை உடனே அழிக்காதீர்கள். எது விடுபட்டது என்பது வருமான வரித் தாக்கலின்போதோ, பழைய கல்யாணப் படம் ஒன்றைத் தேடும்போதோதான் தெரியவரும். மூன்று மாதம் எதற்கும் அதைத் தொட வேண்டி வரவில்லையென்றால் முழுதாக அழித்து இரண்டாவது பேக்கப் டிஸ்காக வைத்துக்கொள்ளுங்கள். பழுதாகிவிட்டதென்றால் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். அழிக்காத டிஸ்கைக் காயலான் கடையில் மட்டும் போடாதீர்கள்.

அடுத்த அத்தியாயத்தைப் படிக்கும் முன் இந்த நான்குக்கும் 'ஆம்' சொல்ல முடிகிறதா பாருங்கள்:

1. பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்தீர்களா?
2. அப்டேட்டுகள் தானாக இறங்குகின்றனவா?
3. பிரிண்டரில் தமிழ்ப் பக்கம் ஒன்று சரியாக வந்ததா?
4. வீட்டில் இன்னொருவருக்கும் கணினியின் பாஸ்வேர்டும் மீட்பு எண்ணும் எங்கே இருக்கின்றன என்று தெரியுமா?

எதற்காவது 'இல்லை' என்றால் அந்தப் பகுதிக்குத் திரும்பிப் போய் முடித்துவிட்டு வாருங்கள்.